ஃபார் க்ரை 2: நெருப்புக்காக வைத்திருக்கிறேன், செக்போஸ்ட்டுக்காகத் திட்டுகிறேன்

ஃபார் க்ரை 2 என்ற கணினித் துப்பாக்கி விளையாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் எதிரில் இருப்பவர் முதலில் அதில் வரும் செக்போஸ்ட்டைத்தான் சொல்வார். அங்கே நிற்கும் அத்தனை பேரையும் சுட்டுத் தள்ளிவிட்டுப் போகிறோம், வேலையை முடித்துத் திரும்பினால் அதே இடத்தில் அதே அளவு ஆட்கள் முழுசாக நிற்கிறார்கள். இதைச் சொல்லிவிட்டு, "அதான் விட்டுட்டு மூணாவது பாகத்துக்குப் போயிட்டேன்" என்று முடித்துவிடுவார்கள். புகார் நியாயமானதுதான். ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு புகாரை வைத்து மொத்த விளையாட்டையும் மூட்டை கட்டிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 2008 அக்டோபரில் வந்த விளையாட்டு இன்னமும் என் கணினியில் இருக்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

இப்போது எழுத உட்கார வைத்தது ஒரு ரிப்பேர். ஐப்பசி மழையில் கரண்ட் வந்து வந்து போனதில் கணினிக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி போய்விட்டது. பாளையங்கோட்டையில் ஒரு கடையில் கொடுத்தேன். மாற்றச் சொன்னது எஸ்.எம்.பி.எஸ்ஸை மட்டும். அவர்கள் கேட்காமல் கொள்ளாமல் விண்டோஸையும் புதிதாகப் போட்டு, டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரை முழுசாகத் துடைத்துக் கொடுத்தார்கள். இந்த விளையாட்டில் எதுவரை விளையாடினோம் என்று பதிந்து வைக்கும் சேவ் எல்லாம் அதற்குள், மை கேம்ஸ் என்ற ஃபோல்டரில்தான் கிடக்கும். விளையாட்டின் வடக்கு, தெற்கு வரைபடங்களில் தெற்கில் பாதி தாண்டியிருந்தேன், அத்தனையும் போச்சு. வைத்திருப்பவர்கள் இன்றே பென்டிரைவில் ஒரு காப்பி எடுத்துவிடுங்கள். நான் மறுபடியும் ஆரம்பத்தில் இருந்து தொடங்கியிருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து அக்கா மகன் போன் செய்தான். ஃபார் க்ரை வரிசை முழுவதும் விலை குறைந்திருக்கிறதாம். "மாமா, மூணுல இருந்து ஆரம்பிச்சாப் போதும்லா? ரெண்டு நல்லாருக்காதுன்னு எல்லாரும் சொல்லுதாங்களே" என்றான். போனில் சொல்லி முடிகிற விஷயமா இது?

முதல் ஃபார் க்ரை 2004-இல் ஜெர்மனியின் க்ரைடெக் நிறுவனம் செய்தது. அவர்கள் க்ரைசிஸ் என்ற வேறு விளையாட்டின் பக்கம் போய்விட, பெயர் அதை வெளியிட்ட யுபிசாஃப்ட்டிடம் தங்கியது. இரண்டாம் பாகத்தை அவர்களுடைய மாண்ட்ரியல் ஸ்டூடியோ எடுத்துக்கொண்டது. முதல் பாகத்தின் கதாநாயகன், தீவு, மரபணு மாற்றிய உருப்படிகள் எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு, பெயர் சொல்லாத ஓர் ஆப்பிரிக்க நாட்டின் உள்நாட்டுப் போருக்குள் நம்மைக் கூலிப்படை ஆளாக இறக்கினார்கள். யு.எஃப்.எல்.எல்., ஏ.பி.ஆர். என்று இரண்டு கட்சிகள். இரண்டுக்கும் ஆயுதம் விற்பவன் ஜாக்கல். அவனைக் கொல்ல வந்த நமக்கு வந்த உடனேயே மலேரியா. காய்ச்சலில் கிடக்கும்போது ஜாக்கலே அறைக்குள் வருகிறான், நீட்சேயின் வரிகளைச் சொல்கிறான், உயிரோடு விட்டுவிட்டுப் போகிறான். முதல் பாகத்தை எதிர்பார்த்து வந்தவர்கள் அப்போதே பாதிப் பேர் முகம் சுளித்திருப்பார்கள். இந்த விளையாட்டுக்குக் கிடைக்காமல் போன பேருக்கு அதுவும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன். வேறு பெயரில் வந்திருந்தால் இதை வேறு மாதிரி வரவேற்றிருப்பார்கள்.

சரி, நெருப்புக்கு வருகிறேன்.

நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளை பக்கம் வளர்ந்த யாரும் இந்த விளையாட்டின் வடக்கு வரைபடமான லெபோவா-சாக்கோவில் வண்டி ஓட்டினால் மரங்களைப் பார்த்து ஒரு நிமிடம் நிறுத்துவார்கள். மேலே தட்டையாகக் குடை விரித்து நிற்கும் முள்மரம். எங்கள் ஊர் உடைமரம் அப்படியே. ஆப்பிரிக்கப் புல்வெளி முள்மரமும் நம் உடைமரமும் ஒரே பேரினம், அதனால் இந்த ஒற்றுமை வெறும் கண்மயக்கு இல்லை. செம்மண் பாதை, இரண்டு பக்கமும் காய்ந்த புல், தூரத்தில் உடங்காடு. எத்தனையோ விளையாட்டுகளில் நியூயார்க்கையும் லண்டனையும் சுற்றியிருக்கிறேன். ஒரு விளையாட்டின் வெயிலைப் பார்த்து "இது எனக்குத் தெரிந்த வெயில்" என்று தோன்றியது இதில்தான்.

அப்புறம் காற்று. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றை நம்பித்தான் பணகுடி, வள்ளியூர் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்றில் வரப்பில் காய்ந்த புல்லைக் கொளுத்துகிறவர் யாரும் யோசிக்காமல் தீக்குச்சியைக் கிழிக்க மாட்டார். என் தாத்தா ஒரு பிடி மண்ணை அள்ளி உயரத்தில் இருந்து விடுவார். அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்த பிறகுதான் தீப்பெட்டியைத் தொடுவார்.

ஃபார் க்ரை 2 அதையே செய்ய வைக்கிறது. இதன் தீ படம் காட்டுவதற்காக வைத்த தீ இல்லை. புல்லில் பற்றும், காற்று அடிக்கிற திசையில் நகரும், வழியில் இருக்கிற குடிசையைப் பிடிக்கும், அங்கே அடுக்கியிருக்கும் கேஸ் சிலிண்டரையும் தோட்டாக் குவியலையும் வெடிக்க வைக்கும். தோட்டாக் குவியல் பற்றிக்கொண்டால் சரசரவென்று நாலா பக்கமும் சிதறும், அதிலேயே ஆட்கள் விழுவார்கள். புல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, காற்றுக்கு மேல் பக்கமாகச் சுற்றிப் போய் ஒரு பெட்ரோல் குண்டை எறிந்தால், மீதி வேலையைக் காற்று பார்த்துக்கொள்ளும். அவசரத்தில் எதிர்க்காற்றில் எறிந்தால் அதே தீ நம்மைத் துரத்தும். காய்ந்த இடத்தில் சண்டை போடுவது ஒரு கணக்கு, ஆற்றங்கரைப் பச்சையில் போடுவது வேறு கணக்கு. துப்பாக்கி விளையாட்டில் நிலமும் காற்றும் இப்படிக் கணக்கில் வருவது 2008-இல் அதிசயம். இன்றும் அதிசயமாகத்தான் இருக்கிறது. பின்னால் வந்த ஃபார் க்ரைகளிலும் தீ உண்டு. ஆனால் அவற்றில் நான் ஒரு சண்டையைக்கூடக் காற்றைப் பார்த்துவிட்டுத் தொடங்கியதாக நினைவில்லை. அவசியமே வரவில்லை.

இந்த விளையாட்டில் எனக்கு மறக்காத சண்டைகள் எல்லாம் ஏதோ ஒன்று சொதப்பியதில் தொடங்கியவை. எதிரிகளிடம் பிடுங்கும் துப்பாக்கிகள் துருப்பிடித்தவை, சுடச் சுட இன்னும் மோசமாகும், நடுச் சண்டையில் சிக்கிக்கொள்ளும். கெட்டுப்போன ராக்கெட் லாஞ்சரை அழுத்தினால் சில நேரம் ராக்கெட் முன்னே போகாமல் காலடியில் விழுந்து தரையிலேயே சுற்றும். அது வெடித்தால் புல் பற்றும். புல் பற்றினால் நாம் போட்டிருந்த திட்டமெல்லாம் காலி, ஓட வேண்டியதுதான். ஓடும்போது மலேரியா வந்து கண் மங்கும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒரு பாறைக்குப் பின்னால் விழுந்தால், காலில் ஏறிய குண்டைக் குறடால் பிடுங்கும் காட்சி. அதற்குள் எங்கிருந்தோ ஒரு ஜீப் சத்தம். எந்த ஒன்றையும் யாரும் எழுதி வைக்கவில்லை. துரு, காற்று, காய்ச்சல் ஒவ்வொன்றும் தன் போக்கில் வேலை செய்ததில் தானாக நடந்த கதை. எதிரிகளும் மரப்பாச்சிகளாக நிற்பதில்லை. அடிபட்டுக் கிடப்பவனை இன்னொருவன் வந்து மறைவுக்கு இழுத்துப் போகிறான். அதைப் பார்த்துவிட்டு அவன்மேல் சுட நான் தயங்கியிருக்கிறேன். வேறெந்தச் சுடும் விளையாட்டிலும் தயங்கியதில்லை.

வரைபடத்தைத் திறந்தால் விளையாட்டு நிற்காது என்பதையும் சொல்ல வேண்டும். கையில் ஒரு காகித வரைபடத்தை விரித்துப் பிடித்துக்கொள்கிறான் நம் ஆள். வண்டி ஓட்டும்போதும் அப்படியே, ஒரு கண் ரோட்டில், ஒரு கண் காகிதத்தில். திரையில் அம்புக்குறி, மினிமேப், எதிரிகளின் தலைக்கு மேல் சிவப்புப் புள்ளி எதுவும் கிடையாது. வைரப் பெட்டி அருகில் இருந்தால் கையில் இருக்கும் கருவியின் பச்சை விளக்கு மினுக்கும், அதை வைத்துத் தேட வேண்டும். மொத்தம் 221 பெட்டிகள். அந்த வைரம்தான் பணம், அதைக் கொடுத்துத்தான் கடையில் துருப்பிடிக்காத புதுத் துப்பாக்கி வாங்க முடியும். இப்படி எல்லாமே அந்த நாட்டுக்குள்ளேயே நடப்பதால், கொஞ்ச நாளில் வரைபடம் இல்லாமலே வழி தெரிய ஆரம்பிக்கிறது. இந்தப் பாலத்தைத் தாண்டினால் ரயில் பெட்டிகள், இந்த மேட்டில் இருந்து ஹேங் கிளைடரில் குதித்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்று மனசில் பதிந்துவிடும்.

இந்த இடத்தில்தான் செக்போஸ்ட் வந்து எல்லாவற்றையும் கெடுக்கிறது.

ஒரு மிஷன் எப்படிப் போகும் என்று சொல்கிறேன், அப்போதுதான் வலி புரியும். ஊருக்குள் கட்சி அலுவலகத்தில் வேலையை வாங்க வேண்டும். வெளியே வந்ததும் கூட்டாளி போன் செய்வான், வேறு வழி இருக்கிறது, என்னை வந்து பார் என்று. அவன் இருப்பது எங்கோ. அங்கே போனால் மூன்றாவதாக ஓர் இடத்துக்கு அனுப்புவான். அதை முடித்துவிட்டு உண்மையான இலக்குக்குப் போக வேண்டும். அதையும் முடித்தால் கூட்டாளி மாட்டிக்கொண்டான் என்று அவனைக் காப்பாற்ற இன்னொரு ஓட்டம். ஒவ்வொரு ஓட்டத்திலும் வழியில் செக்போஸ்ட்டுகள். போகும்போது சுத்தம் செய்த செக்போஸ்ட் வரும்போது களை பிடுங்கிய வயலில் கோரை முளைத்த மாதிரி மறுபடி முளைத்திருக்கும். நான் எரித்த ஜீப் பளபளவென்று நிற்கும். நான் வெடிக்க வைத்த சிலிண்டர் புதிதாக இருக்கும். தீ வைத்தால் நிலம் கருகுகிறது என்று இவ்வளவு அழகாகக் காட்டிய அதே விளையாட்டு, கொஞ்ச தூரம் போய்விட்டு வந்தால் அந்தக் கரியை அழித்துவிட்டு ஒன்றுமே நடக்காதது போல் நிற்கிறது. இதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆட்கள் கூடுதலாக இருப்பது எனக்குப் பெரிய பிரச்சனை இல்லை. நான் செய்ததை நிலம் நினைவு வைத்துக்கொள்ளவில்லை என்பதுதான் பிரச்சனை.

தப்பித்துப் போகலாமே என்பார்கள். ஓரளவு முடியும். ஆற்றில் படகில் போனால் பாதி செக்போஸ்ட்டுகளைத் தவிர்க்கலாம். நான்கு மூலையிலும் நடுவிலும் பஸ் நிலையம் இருக்கிறது. சேஃப்ஹவுஸ் என்ற பதுங்கு வீட்டில் கைக்கடிகாரத்தைத் திருப்பி வைத்துத் தூங்கி, இரவில் கிளம்பலாம். நானும் அப்படித்தான் போகிறேன். ஆனால் எந்த ரோட்டில் போனாலும் துப்பாக்கி பொருத்திய ஜீப் ஒன்று விடாமல் துரத்தும். நிறுத்தி, அவனைக் கொன்று, புகை கக்கும் நம் வண்டியின் பானெட்டைத் திறந்து ஸ்பானரால் முறுக்கி, கிளம்பி, ஒரு வளைவு திரும்பினால் அடுத்த ஜீப். நாம் எந்தக் கட்சிக்கு வேலை செய்கிறோமோ அந்தக் கட்சிக்காரனே சுடுகிறான். ரகசிய வேலை, ஆட்களுக்குத் தெரியாது என்று காரணம் சொல்கிறார்கள். கதைக்கு அது சரி. பதினைந்தாவது ஜீப்புக்கு அந்தக் காரணம் போதாது.

இதன் கிரியேட்டிவ் டைரக்டர் கிளின்ட் ஹாக்கிங். இது வெளிவருவதற்கு முந்தைய வருடம், 2007-இல், பயோஷாக் என்ற விளையாட்டைப் பற்றி ஒரு விமர்சனம் எழுதியவர் அவர். கதை ஒன்று சொல்கிறது, விளையாட்டின் இயக்கம் வேறொன்றைச் செய்யச் சொல்கிறது, இரண்டும் இடிக்கின்றன என்பது அவர் வாதம். விளையாட்டு விமர்சனத்தில் இன்றுவரை பேசப்படும் வாதம் அது. அதை எழுதியவர் தன் விளையாட்டில் அந்த இடைவெளியை மூட எவ்வளவு பாடுபட்டிருக்கிறார் என்பது தெரிகிறது. வன்முறை ஒரு நோய் என்று ஜாக்கல் பேசுகிறான், நமக்கும் உண்மையிலேயே ஒரு நோய் இருக்கிறது. நாம் செய்கிற வேலை எதுவும் போரை முடிப்பதில்லை, நீட்டிக்கவே செய்கிறது. அந்தக் கண்ணோட்டத்தில் செக்போஸ்ட்டும் பொருந்தும் என்று வாதாடுபவர்கள் உண்டு. எத்தனை பேரைக் கொன்றாலும் ஒன்றும் மாறாது, அதுதான் போர், அதுதான் செய்தி என்பார்கள். நான் இந்த விளையாட்டின் பக்கம் நிற்பவன். ஆனாலும் இந்த வாதத்தை ஏற்க மாட்டேன். புதிய ஆட்கள் வந்து பழைய பிணங்களுக்கு நடுவே, கரிந்த குடிசைக்குப் பக்கத்தில் காவல் நின்றிருந்தால் அது போரின் செய்தி. எல்லாம் துடைத்து வைத்திருந்தால் அது செய்யாமல் விட்ட வேலை.

இன்னொரு குறையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு அது பெரியது. இந்த நாட்டில் மக்கள் இல்லை. மாத்திரைக்காக நாம் பயணப் பத்திரங்கள் கொண்டு கொடுக்கும் வீடுகளில் நாலைந்து பேர், ஊருக்குள் பாதிரியார், பத்திரிகைக்காரர், அவ்வளவுதான். ஆடு மேய்க்கிறவர் இல்லை, விறகு சுமக்கிறவர் இல்லை, துப்பாக்கிக் கடையை விட்டால் வேறு கடை இல்லை. வரிக்குதிரையும் மானும் இருக்கின்றன. போரினால் யார் கஷ்டப்படுகிறார்கள் என்று கதை கேட்கிறது, அவர்களைக் கண்ணில் காட்ட மறுக்கிறது. நிலத்தை இவ்வளவு அக்கறையோடு செய்தவர்கள் அதில் வாழ்கிறவர்களைச் செய்யாமல் விட்டது எனக்கு வருத்தம். பேசுகிற சிலரும் மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டுப் போகிறார்கள்.

மூன்றாம் பாகம் 2012-இல் வந்தது. செக்போஸ்ட் பிரச்சனையைத் தீர்த்தது. பிடித்த முகாம் நம் கையிலேயே இருக்கும், அதைச் சுற்றி அமைதி வரும். வில்லன் வாஸ் நன்றாகப் பேசுகிறான். துப்பாக்கி சிக்காது, காய்ச்சல் வராது, எதிரியைக் கேமராவில் ஒருமுறை பார்த்துவிட்டால் சுவருக்குப் பின்னாலும் தெரிவான். எல்லாம் வசதி. உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது, அது நல்ல விளையாட்டு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டாம் பாகத்தின் குறையைத் திருத்துகிற சாக்கில் அதன் பிடிவாதம் முழுவதையும் கழற்றிவிட்டார்கள். செக்போஸ்ட்டை மட்டும் சரி செய்து, துருவையும் காய்ச்சலையும் காகித வரைபடத்தையும் வைத்துக்கொண்டு ஒரு பாகம் வரும் என்று நானும் காத்திருந்தேன். வரவில்லை.

சரி, தீர்ப்பு. இவ்வளவு வாதாடிவிட்டு இதைச் சொல்வது இடிக்கும், தெரியும். அக்கா மகனிடம் மூணையே வாங்கச் சொல்லிவிட்டேன். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் கம்ப்யூட்டர் கிடைக்கும். அந்த நேரத்தில் இரண்டு செக்போஸ்ட்டும் மூன்று ஜீப்புமாகப் போய்விட்டால் அவன் தீயைப் பார்க்கும் முன்பே விளையாட்டைக் கணினியில் இருந்து அழித்துவிடுவான். இந்த விளையாட்டுக்கு நீளமாக உட்கார நேரம் வேண்டும், பொறுமை வேண்டும். பத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் இந்த வாரம் ஆறுதான் கொடுப்பேன். நேற்று விளையாட்டில் பாலா என்ற ஊருக்குப் போகும் வழியில் ஒரே செக்போஸ்ட்டில் திரும்பத் திரும்ப மாட்டிய கோபம் இன்னும் இறங்கவில்லை. போன மாதம், சேவ் போவதற்கு முன் கேட்டிருந்தால் ஒன்பது சொல்லியிருப்பேன். அப்போதும் இதே செக்போஸ்ட்டுகள்தான் இருந்தன.

என் பேச்சைக் கேட்காமல் வாங்குகிறவர்களுக்கு: கடினம் நார்மலிலேயே இருக்கட்டும், எல்லாவற்றிலும் கடினமான இன்ஃபேமஸ் வேண்டாம். கணினியில் எங்கே வேண்டுமானாலும் சேவ் செய்யலாம், நம் ஊர்க் கரண்டை நம்பாமல் அடிக்கடி செய்யுங்கள். முதல் வைரங்களைச் சிக்காத துப்பாக்கிக்குச் செலவழியுங்கள், அழகான துப்பாக்கிக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒரு பெட்ரோல் குண்டாவது எப்போதும் கையில் இருக்கட்டும். முடிந்தவரை ஆற்று வழியாகப் போங்கள். செக்போஸ்ட் ஆட்கள் திரும்ப வருவதைத் தாமதப்படுத்த ரசிகர்கள் செய்த மாட்களும், அதாவது விளையாட்டை மாற்றும் கோப்புகளும், கிடைக்கின்றன. முதல் முறை விளையாடும்போதே போட்டுக்கொள்வதில் தப்பே இல்லை. நான் இந்த முறை அப்படித்தான் விளையாடப் போகிறேன்.